ஷிப்ட் மாறினாலும் மாத்திரை விட்டுப்போகக் கூடாது: ஓசூர், கிருஷ்ணகிரி மக்களுக்கான சர்க்கரை நோய் வழிகாட்டி

இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட். வீடு ஓசூரில், வேலை அத்திப்பள்ளியைத் தாண்டி கர்நாடகத்தில். இப்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், மருந்து கிடைப்பது இப்போது பெரிய கஷ்டமில்லை. அது விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து, 2023-ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. வலி இல்லாத நோய் என்பதால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று பத்து நாள் மாத்திரையை விட்டுவிடுகிறோம். அந்த நாட்களிலும் கண், சிறுநீரகம், கால் நரம்பு மூன்றும் சத்தமில்லாமல் பாதிக்கப்படுகின்றன. எனவே இந்தக் கட்டுரையின் பாடம் ஒன்றுதான்: சிகிச்சையில் இடைவெளி விழக் கூடாது.

வீடு தேடி வரும் மருந்து

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். நோய் இருப்பவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். 2024-ல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. அதே ஆண்டு, வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதனை நடத்தும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தொடங்கியது.

தன்னார்வலர் வரும் நேரத்தில் நீங்கள் டூட்டியில் இருக்கலாம். அதனால் அவருடைய போன் எண்ணை வாங்கி வையுங்கள். வாடகை வீடு மாறினால் அவருக்கோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள். பலருக்கு மருந்து நிற்பது வீடு மாறும்போதுதான்.

உங்கள் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் (2017-ல் நிர்ணயித்த சம்பள வரம்பு மாதம் ரூ.21,000) காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு. வேலை கர்நாடகத்தில், குடும்பம் ஓசூரில் என்றால் எந்த மருந்தகத்தில் பதிவு செய்வது என்று கம்பெனி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

எல்லையோரத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பெங்களூரில் ஒரு டாக்டர் எழுதிய மாத்திரை கையில் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த மாத்திரையும் வீட்டில் இருக்கும். "ரெண்டும் சேர்த்துப் போட்டா சீக்கிரம் குறையும்" என்று சிலர் இரண்டையும் போடுகிறார்கள். இரண்டும் ஒரே மருந்தாக இருந்தால் என்ன ஆகும்? மெட்ஃபார்மின் அளவு கூடினால் வயிற்றைப் புரட்டும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து அதிகம். கிளிமிபிரைடு இரட்டிப்பானால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். மருந்தின் பெயரைப் பாருங்கள். புரியவில்லை என்றால் அட்டையைப் போட்டோ எடுத்து, அடுத்த முறை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் "வேறு மாத்திரையும் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

ஷிப்ட்டும் மாத்திரையும்

சர்க்கரை மாத்திரைக்கு மணியைவிட சாப்பாடுதான் முக்கியம். காலை டிபனோடு போடச் சொன்ன மாத்திரையை, நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஒன்றும் சாப்பிடாமல் போட்டுவிட்டுப் படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கலாம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

டாக்டரிடம் "மூணு ஷிப்ட்டும் மாறி மாறி வரும்" என்று சொல்லி, ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் எந்த மாத்திரை எப்போது என்று எழுதி வாங்குங்கள். நைட் ஷிப்ட்டில் கிளம்பும் முன் சாப்பாடு, நடுராத்திரி இடைவேளையில் கொஞ்சம் சுண்டல் அல்லது இரண்டு இட்லி, வீட்டுக்கு வந்ததும் டிபன் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. டோஸை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இன்சுலினை வெயிலில் நிற்கும் பைக் டிக்கியில் வைக்காதீர்கள். சூட்டில் அதன் வீரியம் போய்விடும்.

மெஷின் முன்னால் தலை சுற்றினால்

கை நடுக்கம், படபடப்பு, திடீர் பசி, வியர்வை, கண் மங்கல், பேச்சுக் குழறல். இவை சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியதற்கான அறிகுறிகள். பட்டறைச் சூட்டில் வியர்ப்பது சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே மெஷினை நிறுத்தி உட்காருங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் குடியுங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

"தெரிஞ்சா வேலை போயிடுமோ" என்று நோயை மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் பக்கத்தில் வேலை செய்யும் ஒரு நண்பருக்காவது சொல்லி வையுங்கள். மயங்கி விழும்போது உங்களுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது உயிரைக் காக்கும்.

களி, டீ, மாம்பழம்

ராகிக் களி நல்ல உணவுதான். ஆனால் "ராகின்னா சர்க்கரை ஏறாது" என்பது தவறு. ஒரு உருண்டையோடு நிறுத்தி, கீரை, அவரைக்காய், பயறு ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். கேன்டீனில் சோற்றைப் பாதியாக்கி, பொரியலை இரண்டு மடங்காகக் கேளுங்கள். டீயைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டீக்கு 2 டீஸ்பூன் சர்க்கரை என்றால், 5 டீக்கு 10 டீஸ்பூன். நம் ஊர் மாம்பழ சீசனில் சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் இரண்டு துண்டு சாப்பிடலாம். ஜூஸ் வேண்டாம்.

எதை, எப்போது பார்க்க வேண்டும்?

கையில் குத்திப் பார்ப்பது அந்த நேரத்து அளவைத்தான் சொல்லும். பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்தால் அதில் நல்ல எண் வந்துவிடும். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையோ கடந்த மூன்று மாத நிலவரத்தைச் சொல்லிவிடும். பெரும்பாலானவர்களுக்கு அது 7-க்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். வருடம் ஒருமுறை விழித்திரை, சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், கால் உணர்ச்சி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூ போடுபவர்கள் தினமும் ஷூவைக் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் இரும்புத் தூள் குத்தினாலும் தெரியாது. கொப்புளம், புண், நிறமாற்றம் எது தெரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

இன்றே போனில் செய்ய வேண்டியவை

1. டாக்டர் சீட்டு, மாத்திரை அட்டை, கடைசி பரிசோதனை முடிவு மூன்றையும் போட்டோ எடுத்து, 'சர்க்கரை' என்று ஒரு தனி ஃபோல்டரில் போடுங்கள். வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.
2. ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் தனித்தனி அலாரம் வையுங்கள். ஷிப்ட் மாறும் நாளில் அலாரத்தையும் மாற்றுங்கள்.
3. மாத்திரை தீர்வதற்கு ஐந்து நாள் முன்பே நினைவூட்டும்படி காலண்டரில் குறியுங்கள்.
4. 14 இலக்க ஆபா எண் உருவாக்கி, ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும்போது காட்டுங்கள்.
5. போன் பூட்டியிருந்தாலும் தெரியும் அவசரத் தகவலில் 'சர்க்கரை நோயாளி' என்றும், வீட்டு எண்ணையும் சேருங்கள்.
6. மருத்துவ சந்தேகங்களுக்கு 104-ஐ அழையுங்கள்.

இதில் முதல் மூன்றுக்கும் பத்து நிமிடம் போதும். அடுத்த டீ இடைவேளையிலேயே முடித்துவிடலாம். அந்த டீயில் சர்க்கரை வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.