கடல் கடக்கும் ஊர்திகள்

நுழையும்முன்

முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகிவிட, இன்று அது உள்நாட்டுச் சிற்றூராக விளங்குகிறது. அதனருகே உள்ள தூத்துக்குடியில், வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்மகிழுந்து ஆலை 2025 ஆகஸ்டு 4 அன்று திறக்கப்பட்டது. முத்து எந்நாட்டிற்குச் சென்றாலும் முத்தே. மகிழுந்தோ செல்லும் நாட்டின் சட்டத்திற்கேற்ப மாறியாக வேண்டும். அம்மாற்றத்தால் நாடுகளுக்கிடையே எழும் பூசல்களை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே ஊர்தி, வேறு விதிகள்

வியட்நாமில் ஊர்திகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. இந்தியாவில் இடப்புறம் செல்கின்றன. எனவே திசைதிருப்பியின் இடமே மாறுகிறது. பின்புறத் திருப்ப விளக்கு ஐரோப்பாவில் செம்மஞ்சளாகவே இருத்தல் வேண்டும்; அமெரிக்காவில் சிவப்பாகவும் இருக்கலாம். ஐரோப்பாவில் விற்பனைக்கு முன்பே அரசின் ஒப்புதல் தேவை. அமெரிக்காவிலோ உற்பத்தியாளரே விதிக்கு உட்பட்டதென உறுதியளிக்கிறார்.

டயரும் முத்திரையும்

2009 ஆம் ஆண்டு இந்திய அரசு, ஊர்தி டயர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை வெளியிட்டது. அயல்நாட்டு ஆலைகளும் உரிமம் பெறவேண்டியதாயிற்று. தம் நாட்டில் சோதிக்கப்பட்ட டயருக்கு மறுசோதனை ஏன், முத்திரையிடும் டயர்களின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் ஏன் என்று ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பின் குழுவில் வினவியது.

வியட்நாமும் இத்தகைய எதிர்ப்பைச் சந்தித்தது. 2017 இல் அது வெளியிட்ட 116 ஆம் ஆணை, இறக்குமதியாகும் ஒவ்வொரு தொகுதி மகிழுந்தையும் சோதிக்கப் பணித்தது. சப்பான் நிறுவனங்கள் சில ஏற்றுமதியை நிறுத்தின. 2020 இல் அவ்விதி தளர்த்தப்பட்டது.

காப்பா, தடையா?

பாதுகாப்பு விதி வேண்டாததன்று. 2014 இல் இந்தியாவில் விற்பனையான ஐந்து மகிழுந்துகளின் காற்றுப்பையில்லா வகைகள் மோதல் சோதனைக்கு உள்ளாயின. பெரியவர்க்கான பாதுகாப்பில் அவை ஒரு விண்மீனும் பெறவில்லை. 2017 அக்டோபர் முதல் புதிய மகிழுந்து வகைகளுக்கு மோதல் சோதனை கட்டாயமாயிற்று. உயிர் காக்கும் விதியை வணிகத்தின் பெயரால் நீக்க இயலாது.

ஆயினும், உள்நாட்டு ஆலைகளைக் காக்கும் மதிலாகவும் அதே விதி பயன்படக்கூடும். ஆகவேதான் உலக வர்த்தக அமைப்பின் 1995 ஆம் ஆண்டு உடன்பாடு, மக்களின் உயிர்காக்க விதி வகுக்கும் உரிமையை நாடுகளுக்கு அளிக்கிறது. அதேவேளை, நோக்கத்திற்குத் தேவையானதைவிட அவ்விதி வணிகத்தை மிகுதியாகத் தடுத்தலாகாது என்றும் வரையறுக்கிறது. விதியின் நோக்கம் ஒன்று, அது நிறைவேற்றப்படும் முறை மற்றொன்று. நோக்கம் நன்றாயினும் முறை தடையாகலாம். இரண்டையும் பிரித்தறிவதே நடுநிலை.

தெரிந்து தெளிவோம்

ஊர்தி விதிகளை ஒருமைப்படுத்த ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் 1958, 1998 ஆகிய ஆண்டுகளில் இரு உடன்பாடுகள் உருவாயின. முதலாவது, ஒரு நாட்டின் ஒப்புதலை மற்ற நாடுகளும் ஏற்க வழிசெய்கிறது. இரண்டாவது, பொது விதிகளை வகுக்கிறது. ஒப்புதலை ஏற்கக் கட்டாயப்படுத்துவதில்லை. இந்தியா 2006 இல் இரண்டாவதில் இணைந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஓடும் ஊர்தியின் டயர், முகப்புக் கண்ணாடி ஆகியவற்றிலுள்ள முத்திரைகளைக் கண்டறிந்து பட்டியலிடுக.
2. ‘பாதுகாப்பு விதி காப்பா, தடையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.