மசகு எண்ணெய்ச் சேர்பொருள்கள்: குளோரின் வேண்டாத உற்பத்தி முறை

டீசல் எஞ்சினிலிருந்து வடித்தெடுத்த மசகு எண்ணெய் கருத்திருப்பதைக் கண்டதும், எண்ணெய் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது பொது வழக்கம். பல நேரங்களில் எண்ணெய் தன் கடமையைச் செய்திருக்கிறது என்பதற்கே அக்கருமை அடையாளமாகும். எரிபொருள் முற்றும் எரியாதபோது தோன்றும் நுண்கரி, எஞ்சினின் உட்பகுதிகளில் சேறாகப் படியாமல் எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கிறது. கரியை இவ்வாறு பிரித்து மிதக்கவைக்கும் சேர்பொருளுக்குத் தொழில் வழக்கில் டிஸ்பர்சன்ட் என்று பெயர். இதனை விரவுபொருள் எனலாம்.

இதனோடு சேர்ந்து பணிபுரிவது டிடர்ஜென்ட் எனும் துப்புரவுப் பொருள். கால்சியம் அல்லது மக்னீசியம் கொண்ட இப்பொருள், எரிதலில் உண்டாகும் அமிலங்களை நடுநிலைப்படுத்துகிறது. பிஸ்டன் வளையங்களின் வெப்பமிகு பள்ளங்களைத் தூய்மையாக வைக்கிறது. உலோகம் இருப்பதால் எண்ணெய் எரியும்போது சாம்பல் தங்கிவிடும். கரிமம், நீரகம், நைட்ரஜன், பிராணவாயு ஆகியவற்றாலான விரவுபொருளோ சாம்பல் தருவதில்லை. 2020 ஏப்ரல் முதல் நாளன்று பாரத் நிலை 6 விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின் இவ்வேறுபாடு பெரும் பொருள் பெற்றுவிட்டது. புதிய டீசல் வாகனங்களின் புகைப்போக்கில் அமைந்த வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துவிடலாம். சாம்பலை எரிக்க இயலாது. ஆகவே சாம்பல் தரும் சேர்பொருளுக்கு வரம்பு விதிக்கப்படுகிறது. சாம்பலற்ற விரவுபொருளின் சுமை கூடுகிறது.

இப்பொருள் செய்யப்படும் விதத்தைச் சற்று விரிவாகக் காண்போம். சுத்திகரிப்பு ஆலைகளிலும் நாப்தாவைப் பிளக்கும் ஆலைகளிலும் கிடைக்கும் நான்கு கரிம அணுக்கள் கொண்ட வாயுக்களில் ஐசோபியூட்டிலீன் ஒன்று. அதனைக் கிரியா ஊக்கியின் துணையால் ஒன்றோடொன்று கோத்தால் பாலிஐசோபியூட்டிலீன் எனும் பிசுபிசுப்பான பலபடி கிடைக்கிறது. விரவுபொருளுக்கு ஏற்ற சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,000 முதல் 2,300 வரை. இந்நீண்ட சங்கிலி எண்ணெயில் நன்கு கரையும். ஆனால் கரியைப் பற்றும் திறன் அதற்கில்லை. எனவே முதலில் மலெயிக் அன்ஹைட்ரைடை அதன் முனையில் இணைத்து, பின்னர் அதனோடு பாலிஅமீன் சேர்த்துச் சூடேற்றுகின்றனர். நீர் ஆவியாக வெளியேறச் சக்சினிமைடு உருவாகிறது. நைட்ரஜன் கொண்ட தலை கரித்துகளைப் பற்றிக்கொள்ள, வால் எண்ணெயில் நீண்டு நின்று, துகள்கள் ஒன்றையொன்று நெருங்காமல் தடுக்கிறது.

சிக்கல் மலெயிக் அன்ஹைட்ரைடை இணைக்கும் படியில் இருக்கிறது. அலுமினியம் குளோரைடைக் கிரியா ஊக்கியாகக் கொண்டு செய்த வழக்கமான பலபடியில், இரட்டைப் பிணைப்பு பெரும்பாலும் சங்கிலியின் உட்புறத்தில் ஒதுங்கியிருப்பதால் வினை மந்தமாகிறது. அதனைத் தூண்டக் குளோரின் வாயு செலுத்தும் முறை நெடுங்காலம் நிலவியது. வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடைக் காரக் கரைசலில் கழுவிப் பிடிக்க வேண்டும். அதன் பின்னும் சிறிதளவு குளோரின் பொருளிலேயே தங்கிவிடும். போரான் டிரைபுளோரைடு கொண்டு செய்யும் பலபடியிலோ இரட்டைப் பிணைப்பு பெரும்பாலும் முனையிலேயே அமைகிறது. இதற்கு உயர்வினைப் பாலிஐசோபியூட்டிலீன் என்று பெயர். 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், குளோரின் இன்றியே மலெயிக் அன்ஹைட்ரைடு இதனோடு இணைந்துவிடும்.

இவ்வழியும் கழிவற்றதென்று எண்ணிவிடலாகாது. கிரியா ஊக்கியை நீக்கும் கழுவுநீரில் புளோரைடு சேர்கிறது. உயர்வெப்பத்தில் தார் போன்ற கசடு உண்டானால் வடிகட்டி அகற்ற வேண்டும். பாலிஐசோபியூட்டிலீன் மண்ணில் எளிதில் சிதைவதும் இல்லை. ‘சுற்றுச்சூழலுக்கு இசைந்தது’ என்ற அடைமொழியை விளம்பரங்கள் தாராளமாக வழங்குகின்றன. குளோரின் நீங்கியது என்ற அளவிலேயே நாம் அதனை ஏற்பது முறை.

இந்தியாவில் இத்துறை தொடக்கத்திலேயே அரசின் பங்கேற்போடு வளர்ந்தது. 1966-இல் தோன்றிய லூப்ரிசால் இந்தியா நிறுவனம் இந்திய அரசும் அமெரிக்க நிறுவனமும் கூட்டாக அமைத்தது. சென்னையை அடுத்த மணலியின் இந்தியன் அடிட்டிவ்ஸ் 1989-இல் நிறுவப்பட்டது. அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தை நாடிய இக்கூட்டுகள் இறக்குமதிச் செலவைக் குறைக்கும் நோக்குடையவை. எனினும் சேர்பொருள் ஆலையை மட்டும் நிறுவினால் போதாது. உயர்வினைப் பலபடிக்கு உரிய ஐசோபியூட்டிலீன் ஓட்டத்தை ஒதுக்கித் தர வேண்டும். அந்த வாயுவை நாடும் பிற பயன்களும் உள்ளன.

வாங்குவோர் தரப்பின் கணக்கையும் பார்க்க வேண்டும். விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பேருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, ஒரு முறை மாற்ற 15 லிட்டர் எண்ணெய் தேவை. லிட்டர் 200 ரூபாய் எண்ணெயை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால், ஆண்டுக்கு 150 லிட்டர், 30,000 ரூபாய். விரவுபொருள் மிகுந்த 260 ரூபாய் எண்ணெய் 20,000 கிலோமீட்டர் தாங்குமானால் 75 லிட்டர், 19,500 ரூபாய். கழிவெண்ணெயும் பாதியாகிறது. ஆயினும் லிட்டர் விலையை மட்டும் ஒப்பிடும் ஒப்பந்தப்புள்ளியில் முதல் எண்ணெயே வெல்லும். கணக்குத் தணிக்கைக்கு அஞ்சும் அலுவலர் மிகக் குறைந்த விலைப்புள்ளியை விட்டு விலகத் தயங்குவது இயல்பே. குறை படிவத்தில் உள்ளது. விலைப்புள்ளியைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கோரினால் அத்தயக்கத்திற்கு இடமிராது.

குளோரின் செய்தியும் இவ்விடத்தில்தான் கணக்கினுள் நுழைகிறது. பயன்படுத்திய எண்ணெயை முறையின்றி உலைகளில் எரிக்கும்போது அதிலுள்ள குளோரின் நச்சுச் சேர்மங்கள் தோன்ற வழிசெய்யும். அச்செலவு எண்ணெய் விலையில் அடங்குவதில்லை, உலையருகே வாழ்வோர் மீது விழுகிறது. பயன்படுத்திய எண்ணெயைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைக்கும் விதிகள் 2023-இல் அறிவிக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. புது எண்ணெய் வாங்கும் விவரக்குறிப்பிலேயே குளோரினுக்கு மேல்வரம்பு குறிப்பதற்குத் தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை. பெருமளவில் வாங்கும் போக்குவரத்துக் கழகங்களும் ரயில்வேயும் தம் ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தாலே போதும்.