இடமரையும் டார்க் ரெஞ்சும்

வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் கழலும் என்பது புட்டி மூடியைத் திறக்கக் கற்ற நாள் முதலே நம் கைக்குப் பழகிவிட்ட பாடம். இந்தப் பாடத்துக்கு அடங்காத மரைகளும் உண்டு. மேசை மின்விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் குமிழைக் கழற்றப் போய் மேலும் இறுக்கிவிட்டவர்கள் நம்மில் பலர் இருக்கக்கூடும். அது இடமரை. முன்னின்று பார்த்தால் இறக்கை வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. சுவிட்சைப் போட்டதும் தண்டு முந்திக்கொள்ள, குமிழ் தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. அதாவது, தண்டைப் பொறுத்து இடஞ்சுழியாகத் திரும்புகிறது. வலமரையாயின் அது நாளடைவில் கழன்று விழும், இடமரையாதலால் இறுகுகிறது. இரு கல் பூட்டிய சாணைப் பொறியில் இடப்பக்கக் கல்லின் நட்டு இடமரையாக இருப்பதும் இக்காரணத்தாலேதான். வெல்டிங் பட்டறையில் அசெட்டிலீன் குழாயின் நட்டு இடமரையாக இருப்பதற்குக் காரணம் வேறு. ஆக்சிஜன் குழாயை யாரும் மறந்தும் அதில் மாட்டிவிடக் கூடாது!

இத்தகைய மரைகளை டார்க் ரெஞ்சு கொண்டு இறுக்கும்போது எழும் ஐயம் ஒன்று உண்டு. குறிப்பேட்டில் தந்துள்ள முறுக்குவிசை அளவை அப்படியே கொள்ளலாமா, மாற்ற வேண்டுமா?

போல்ட்டை இறுக்குவது என்பது உண்மையில் அதைச் சுருள்வில் போலச் சற்றே இழுத்து நீட்டுவதாகும். அந்த இழுவிசைதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. அதை நேரே அளக்க இயலாமையால் முறுக்குவிசையை அளக்கிறோம். முறுக்குவிசை என்பது ஒரு கெழு, போல்ட்டின் விட்டம், இழுவிசை ஆகிய மூன்றன் பெருக்கற்பலன். உலர்ந்த எஃகுக்குக் கெழு ஏறத்தாழ 0.2. எனவே 12 மி.மீ. போல்ட்டில் 30,000 நியூட்டன் இழுவிசை வேண்டுமாயின் 72 நியூட்டன் மீட்டர் கொடுக்க வேண்டும். மரையில் எண்ணெய் பட்டுக் கெழு 0.15 ஆகக் குறைந்தால், அதே 72 நியூட்டன் மீட்டரில் இழுவிசை 40,000 நியூட்டனாக ஏறிவிடும். எண்ணெய் தடவினால் நல்லதுதானே என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சமன்பாட்டில் இடம், வலம் என்ற பேச்சே இல்லை. வலமரைப் போல்ட் ஒன்றை நிலைக்கண்ணாடி முன் பிடித்தால் பிம்பத்தில் தெரிவது இடமரை. உராய்வும் விட்டமும் புரியிடைத் தூரமும் பிம்பத்தில் மாறுவதில்லை. சுழலும் திசை ஒன்றே மாறுகிறது. ஆகவே அளவை மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் கருவிக்குத் திசை உண்டு. வளையும் கம்பியும் முள்ளும் கொண்ட பழைய வகை ரெஞ்சில் சுழி நடுவில் இருக்கும். எப்பக்கம் இழுத்தாலும் முள் உண்மை சொல்லும். உள்ளே வில் வைத்து, குறித்த அளவு வந்ததும் ‘டக்’கென்று ஒலிக்கும் வகை அப்படியன்று. அவற்றுள் பல வலஞ்சுழியில் மட்டுமே அளக்கும். தலையிலுள்ள ராச்செட்டைத் திருப்பிவிட்டால் இடஞ்சுழியிலும் நட்டைத் திருப்பும், ஆனால் ஒலிக்காது. ஒலி வரும் வரும் என்று இழுத்துக்கொண்டே இருப்போம்.

அப்படி இழுத்தவன் நான். மிதிவண்டியின் இடப்பெடல் இடமரை, வலப்பெடல் வலமரை என்று படித்திருந்தேன். ஒரு பென்சிலைக் கைப்பிடிக்குள் தளர்வாக வைத்து, அதன் மறுமுனையை வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். பென்சில் எதிர்த்திசையில் மெல்ல உருளும். மிதிக்கும் பாரமும் பெடல் தண்டை அவ்வாறே கிராங்கின் துளைக்குள் உருட்டுகிறது. அதனால் தண்டு கழன்றுவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. நண்பருடைய வண்டியின் கிராங்க் அலுமினியம். ‘டக்’ வகை ரெஞ்சை 35 நியூட்டன் மீட்டரில் வைத்து, தண்டின் உள்முனையிலுள்ள அறுகோணக் குழியில் ஆலன் பிட்டைச் செருகினேன். இடப்பெடலில்தான் தொல்லை வரும் என்று அஞ்சி அதை முதலில் எடுத்தேன். ஒழுங்காக ஒலித்தது. வலப்பெடல் சாதாரண மரைதானே என்று அலட்சியமாக இழுத்தேன். ஒலி வரவில்லை. இன்னும் இழுத்தேன். கை திடீரென்று இளகிற்று. அலுமினிய மரை சுருளாக உரிந்து வந்தது.

பிழை மரையில் இல்லை, நான் நின்ற இடத்தில் இருந்தது. வலமரை வலஞ்சுழியில் இறுகும் என்பது வெளிப்புறத்திலிருந்து, பெடல் இருக்கும் பக்கமாகப் பார்ப்பவருக்கே பொருந்தும். உள்முனையிலிருந்து பார்த்தால் அதே சுழற்சி இடஞ்சுழி. எனவே உட்புறத்திலிருந்து இறுக்கும்போது இடமரைப் பெடல் வலஞ்சுழியில் இறுகுகிறது, ரெஞ்சும் அளக்கிறது. வலமரைப் பெடலோ ரெஞ்சு அளக்காத திசையில் இறுகுகிறது. ரெஞ்சுக்கு மரையின் பெயர் தெரியாது. தன் தலை எப்பக்கம் சுழல்கிறது என்பதே அதற்குத் தெரியும்.

இப்போது இறுக்குமுன் ரெஞ்சின் தலையிலுள்ள அம்புக்குறியைப் பார்க்கிறேன். இரு திசையிலும் அளப்பதுதானா என்று ஐயம் வந்தால், குறைந்த அளவில் வைத்து, இறுகிய பெரிய நட்டு ஒன்றில் அத்திசையில் இழுத்து ஒலி கேட்கிறதா என்று சோதிக்கிறேன். கேட்காவிட்டால் முள் வகையை எடுக்கிறேன். கழற்றுவதற்கு டார்க் ரெஞ்சைத் தொடுவதே இல்லை. இடமரையென்று அறியாமல் கழற்ற முயல்பவர் உண்மையில் அதை இறுக்கிக்கொண்டிருப்பார். மரையும் போகும், கருவியின் அளவும் போகும். நண்பருக்குப் புது கிராங்க் வாங்கிக் கொடுத்தேன். அதன் வலப்பெடலை முள் ரெஞ்சால் அவரே இறுக்கினார், என்னைத் தொடவிடவில்லை.