எய்லரான் வெட்டுறது ஈஸி, மூக்கு எங்க போகுதுன்னு பாருங்க

இந்த எபிசோட்ல ஆர்.சி. விமானம் பற்றிப் பேசினோம். இறக்கையை மாத்துற பகுதியை மட்டும் எழுத்துக்கு எடுத்து வச்சுட்டேன். கையில விமானத்தை வச்சுக்கிட்டுப் படிச்சாதான் அது புரியும்.

உங்ககிட்ட ரடர், எலிவேட்டர், மோட்டார்னு மூணு சேனல் ஃபோம் ட்ரெய்னர் இருக்குன்னு வச்சுக்குவோம். அதுக்கு எய்லரான் வைக்கணும். இறக்கையின் வெளிப்பாதியில், பின்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்வாசி அளவுக்குக் கோடு போட்டு, புது பிளேடால் வெட்டுங்க. நல்ல டேப்பே ஹிஞ்சுக்குப் போதும். அந்த டேப் இடைவெளியையும் மூடிடும், காத்து ஒழுகாது.

இந்த வகை ட்ரெய்னர்ல இறக்கை நுனிகள் நல்லா மேலே தூக்கியிருக்கும். அதுதான் டைஹீட்ரல். ரடரை மட்டும் வச்சு விமானம் சாய்ஞ்சு திரும்புறதே அதனாலதான். எய்லரான் வந்த பிறகு அதே டைஹீட்ரல் உங்களோட மல்லுக்கட்டும்: நீங்க சாய்க்க, அது நிமிர்த்தும். 2, 3 டிகிரிக்குக் குறைச்சா போதும்.

ஆனா உண்மையான சிக்கல் வேற. வலது பக்கம் சாய்க்கிறீங்க: வலது எய்லரான் மேலே, இடது எய்லரான் கீழே. கீழே இறங்கிய பக்கம் தூக்குவிசை கூடும், கூடவே இழுவையும் கூடும். அதனால இடது இறக்கை பின்னால இழுபட்டு, மூக்கு இடது பக்கம் போகும். நீங்க கேட்டது வலது! 1901-ல் ரைட் சகோதரர்கள் கிளைடரில் இறக்கையை முறுக்கிப் பார்த்தப்போ மாட்டினதும் இதே தொல்லைதான். 1902 கிளைடரில் முதல்ல அசையாத வால் வச்சாங்க, அப்புறம் அதை அசையும் ரடரா மாத்தி, இறக்கை முறுக்கும் கம்பியோட இணைச்சாங்க.

நமக்கு வேகம் குறையும்போதுதான் இது ஆபத்து. லேண்டிங்குக்கு முந்தைய கடைசித் திருப்பத்தில், மூக்கு தூக்கியிருக்கும் நேரத்தில், எய்லரான் இறங்கிய அந்த நுனியே முதல்ல ஸ்டால் ஆகலாம். வலது கொடுத்தா இடது இறக்கை விழும். அந்த உயரத்தில் மீட்க இடம் கிடையாது.

மருந்து: டிஃபரென்ஷியல். எய்லரான் மேலே 12 மி.மீ. போனா, கீழே 6 மி.மீ. மட்டும். இரண்டு செர்வோவும் தனித்தனி சேனலில் இருந்தா ரேடியோ மெனுவிலேயே வச்சிடலாம். ஒய் கேபிள்னா கையாலதான் செய்யணும்: செர்வோவும் ஹார்னும் இறக்கைக்கு அடியில் இருந்தா, ஸ்டிக் நடுவில் இருக்கும்போது செர்வோ கையை முன்விளிம்புப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சு மாட்டுங்க. மேலே போற தூரம் தானா கூடும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், மெனுவை யாராவது நோண்டினாலும் இது மாறாது.

இரண்டு எய்லரானையும் சேர்த்து இறக்கி ஃப்ளாப் ஆக்கலாமான்னு கேட்டா, ட்ரெய்னருக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். நுனி ஸ்டாலை நாமே கூப்பிட்ட மாதிரி ஆயிடும்.

பறக்கவிடும் முன்னாடி, ஈர்ப்பு மையத்தை மறுபடி பாருங்க, புது செர்வோக்கள் அதை நகர்த்தியிருக்கும். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினா வலது எய்லரான் மேலே எழணும். அப்புறம் நல்ல உயரத்துக்குப் போய், வேகத்தைக் குறைச்சு, எய்லரான் மட்டும் கொடுங்க. மூக்கு இன்னும் எதிர்ப்பக்கம் போச்சுன்னா, இறங்கி வந்து கீழ்நோக்கிய தூரத்தை இன்னும் 1 மி.மீ. குறைங்க.