2 மாத சீசன், 12 மாதச் செலவு: மூணுக்கு மூணு பாஸ்கெட்பால் லீக்கில் இருக்கும் பணக் கணக்கு

கரும்பு, சீட்டு, நகைக்கடன், எஸ்ஐபின்னு பேசிட்டு இருந்த ஆளு திடீர்னு பாஸ்கெட்பால் பக்கம் போயிட்டானேன்னு நினைக்காதீங்க. நம்ம சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், நெய்வேலி பக்கம் காலையில 6 மணிக்கு ஸ்கூல் கிரவுண்டுல பந்து தட்டுற பசங்க நிறைய இருக்காங்க. அவங்க அப்பா அம்மாவுக்கு இருக்கிற ஒரே கேள்வி, "இதுல காசு வருமா சார்?" வீடியோவில் இதைத் தொட்டுட்டு மட்டும் போனேன். கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

முதல்ல ஆட்டம். மூணுக்கு மூணுன்னா அரை மைதானம், ஒரே கூடை, ஒரு பக்கம் மூணு பேர், மாற்று ஆள் ஒருத்தர். 10 நிமிஷம் ஓடும். அதுக்கு முன்னாடியே யாராவது 21 பாயிண்ட் எடுத்துட்டா அங்கேயே முடிஞ்சுது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல இது பதக்க விளையாட்டாவே ஆயிடுச்சு. இந்தியாவில் 2018-ல் 3பிஎல்னு ஒரு லீக், உலக பாஸ்கெட்பால் அமைப்பான ஃபீபாவோட அங்கீகாரத்தோட, 12 அணிகளோட தொடங்குச்சு. ஜப்பான் லீக்ல விளையாடின ரோஹித் பக்ஷிதான் அதைக் கொண்டு வந்தவர்.

ஆனா பணப் பாடம் படிக்கணும்னா நான் எடுத்துக்கிறது 2025 ஜனவரி 17-ல் அமெரிக்காவின் மயாமி பக்கத்துல தொடங்கின "அன்ரைவல்ட்" பெண்கள் லீக்கின் முதல் சீசனைத்தான். (இதுல விதிகள் கொஞ்சம் வேற. முழு மைதானம்தான், ஆனா சுருக்கினது.) ஆறு அணி. மார்ச் 17-ல் இறுதிப் போட்டி. ரெண்டே மாசம். சராசரி சம்பளம் 2.2 லட்சம் டாலருக்கு மேல. டாலருக்கு 85 ரூபாய்னு தோராயமா வச்சா கிட்டத்தட்ட 1.87 கோடி ரூபாய்.

இந்த எண் ஏன் பெருசுன்னு தெரியணும்னா இன்னொரு எண் வேணும். அவங்களோட முதன்மை லீக்கான டபிள்யூஎன்பிஏ-வில் 2025-ல் ஒரு வீராங்கனைக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச சம்பளமே சுமார் 2.49 லட்சம் டாலர்தான். 2024-ல் முதல் ஆளா தேர்வான கெய்ட்லின் கிளார்க்கோட முதல் வருஷ அடிப்படைச் சம்பளம் 76,535 டாலர். அதனால என்ன நடந்துச்சு? அமெரிக்க சீசன் முடிஞ்சதும் வீராங்கனைகள் ரஷ்யா, துருக்கி, சீனான்னு மூட்டை கட்டிப் போனாங்க. அங்கே அதிகம் கொடுத்தாங்க. நம்ம ஊர்ல அறுவடை முடிஞ்சதும் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போறவங்க கதைதான். தொகையில மட்டும்தான் வித்தியாசம்.

அதுக்குக் கொடுத்த விலை சாதாரணமில்ல. பிரியன்னா ஸ்டூவர்ட் 2019 ஏப்ரல்ல ரஷ்ய கிளப்புக்காக யூரோலீக் இறுதிப் போட்டியில ஆடும்போது குதிகால் நரம்பு அறுந்து, அந்த வருஷ டபிள்யூஎன்பிஏ சீசன் முழுக்க உட்கார்ந்துட்டாங்க. பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில ரஷ்ய கிளப்புக்கு ஆடப் போகும்போது மாஸ்கோ விமான நிலையத்துல கைதாகி, டிசம்பர்லதான் வெளியே வந்தாங்க. அந்த ஸ்டூவர்ட்டும் நஃபீசா காலியரும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் அன்ரைவல்ட். கிரைனரும் முதல் சீசன்ல ஆடினாங்க. "சைடு வருமானம்"னு நாம சாதாரணமா சொல்றோமே, அதுக்குள்ள என்னென்ன ரிஸ்க் ஒளிஞ்சிருக்குன்னு இதைவிடத் தெளிவா எனக்குக் காட்டின உதாரணம் வேற இல்ல.

சம்பளம் ஒண்ணு, பங்கு ஒண்ணு

அன்ரைவல்ட் வீராங்கனைகளுக்குச் சம்பளத்தோட லீக்ல ஒரு சின்னப் பங்கும் கொடுத்தாங்க. 2025 செப்டம்பர்ல முதலீட்டாளர்கள் பணம் போட்டப்போ லீக்கோட மதிப்பு 34 கோடி டாலர்னு செய்தி வந்துச்சு. உடனே நம்ம மனசு கணக்கு போடும். ஒரு பேச்சுக்கு, யாரோ ஒருத்தர்கிட்ட 0.2 சதவீதம் இருந்தா 6.8 லட்சம் டாலர், மூணு வருஷச் சம்பளம்! இந்த இடத்துலதான் நிறுத்தி யோசிக்கணும்.

பட்டியலிடப்படாத கம்பெனிப் பங்குங்கறது கூட்டுப் பட்டா நிலம் மாதிரி. பேர் இருக்கு, பாகம் இருக்கு. ஆனா நாளைக்கே வித்துக் காசு வேணும்னா யார் வாங்குவா? கம்பெனியை யாராவது மொத்தமா வாங்கணும், இல்ல பங்குச் சந்தைக்கு வரணும், இல்ல கம்பெனியே திரும்ப வாங்கிக்கணும். அதுவரைக்கும் அது பேப்பர்லதான் இருக்கும். இன்னொண்ணு, பெரிய முதலீட்டாளர்கள் பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு வாங்குவாங்க. கம்பெனி குறைஞ்ச விலைக்குப் போனா, அவங்க போட்ட பணத்தை முதல்ல எடுத்துக்குவாங்க. அடமானம் வாங்கினவர் எடுத்தது போக மிச்சம்தான் பங்காளிகளுக்கு. அடுத்தடுத்த சுற்றுல புதுப் பங்கு வெளியிட்டா உங்க 0.2 சதவீதமும் கரையும்.

இது பாஸ்கெட்பால் ஆடறவங்களுக்கு மட்டுமில்ல. சென்னை, பெங்களூர்ல ஸ்டார்ட்-அப் கம்பெனியில வேலை பார்க்கிற நம்ம பசங்க ஈசாப் லெட்டரை வாட்ஸப்ல அனுப்பி "இது நல்லதா சார்?"னு கேட்கறாங்க. இந்தியாவில் இதோட வரி ரெண்டு கட்டம். பங்கை உங்க பேருக்கு மாத்திக்கிற அன்னிக்கு, சந்தை மதிப்புக்கும் நீங்க கட்டின விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாவே கணக்காகும். 1,000 பங்கு, மதிப்பு 500 ரூபாய், நீங்க கட்டினது 10 ரூபாய்னா 4.9 லட்சம் சம்பளத்துல ஏறும். ஒரு ரூபாய் கையில வராமலே வரி கட்டணும். அரசாங்கச் சான்று பெற்ற தகுதியான ஸ்டார்ட்-அப்பா இருந்தா அந்த வரியைத் தள்ளிப்போட வழி உண்டு. எல்லா ஸ்டார்ட்-அப்புக்கும் அது கிடையாது. பிறகு விக்கும்போது, அதுக்கு மேல வந்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி. பட்டியலிடப்படாத பங்கை 24 மாசத்துக்கு மேல வச்சிருந்தா 12.5 சதவீதம்.

என்னோட கருத்து நேரடியானது: சம்பளத்தைக் குறைச்சுட்டு பங்கு தர்றேன்னு சொன்னா வேண்டாம். சம்பளம் சரியா இருந்து, அதுக்கு மேல பங்கு தந்தா வாங்கிக்கோங்க, ஆனா அதை நம்பி வீட்டுக்கடன் போடாதீங்க. அன்ரைவல்ட்ல முதல் சீசன்லயே சம்பளமும் நல்லா இருந்துச்சு, பங்கும் இருந்துச்சு. அதனாலதான் அது நல்ல ஒப்பந்தம்.

அந்த சீசன்ல இன்னொரு விஷயம். லூனார் அவுல்ஸ்னு ஒரு அணி லீக் சுற்றுல 14 ஆட்டத்துல 13 ஜெயிச்சாங்க. அரையிறுதியில வைனில் அணிகிட்ட தோத்து வெளியே போனாங்க. கோப்பை ரோஸ் அணிக்கு. ஜெயிச்சா வர்ற பரிசுப் பணத்தை வருமானமா எழுதி பட்ஜெட் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? பரிசு வந்தா சேமிப்புக்கு, வரலைன்னா ஒண்ணும் கெடக்கூடாது. அப்படித்தான் பிளான் இருக்கணும்.

நம்ம பையனுக்குக் கணக்கு போடுவோம்

இப்போ ஊருக்கு வருவோம். நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தனுக்கு ஒரு தனியார் லீக்ல 3 மாசத்துக்கு 4.8 லட்சம் ரூபாய் ஒப்பந்தம் கிடைச்சிருக்குன்னு வச்சுக்குவோம். கற்பனைத் தொகைதான். வீட்ல என்ன சொல்லுவாங்க? "மாசம் 1.6 லட்சம் சம்பளம்!" தப்பு. அது மாசம் 40,000 கூட இல்ல. எப்படின்னு பாருங்க.

விளையாட்டு வீரருக்குத் தர்ற ஊதியத்துல 194ஜே பிரிவுப்படி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க. 2008-ல் வந்த அறிவிப்புலயே வீரர்கள், நடுவர்கள், பயிற்சியாளர்கள், பிசியோதெரபிஸ்ட் எல்லாரையும் இந்தப் பிரிவுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. ஆக 48,000 போச்சு, கைக்கு 4,32,000. ஷூ, பயணம், பிசியோ, சத்தான சாப்பாடுன்னு 90,000 செலவு. மிச்சம் 3,42,000. இதை 12-ஆல வகுக்காதீங்க, 18-ஆல வகுங்கன்னு நான் சொல்லுவேன். மாசம் 19,000.

ஏன் 18? அடுத்த சீசன் சொன்ன தேதியில நடக்கும்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க. அமெரிக்காவில் 2017-ல் தொடங்கின பிக் 3 லீக், பெரிய பேர், பெரிய பணம், அதுவே 2020-ல் கொரோனாவால சீசனையே ரத்து பண்ணிச்சு. இது நம்ம விவசாயிக்குப் புதுசில்ல. வீராணத்துல தண்ணி இருந்தா ஒரு கணக்கு, இல்லைன்னா ஒரு கணக்கு. கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பினா வர்ற ஒரே தொகையை வச்சு வருஷம் முழுக்க ஓட்டின குடும்பங்கள் இங்க இருக்கு. மாசச் சம்பளக்காரங்களைவிட அவங்களுக்குத்தான் சீசன் பணத்தை எப்படிக் கையாளணும்னு தெரியும். அதே வேலையை பேங்க் மூலமா செய்யணும், அவ்வளவுதான். மொத்தப் பணமும் ஒரு தனிக் கணக்குல, ஸ்வீப் வசதியோட இருக்கட்டும். அங்கிருந்து ஒண்ணாம் தேதி 19,000 செலவுக் கணக்குக்கு ஆட்டோமேட்டிக்கா மாறட்டும். பைக் ஷோரூம் பக்கம் முதல் மூணு மாசம் போகாம இருந்தா போதும்.

பிடிச்ச 48,000 என்ன ஆச்சு? 2025-26 நிதியாண்டுக்கு புதிய வரிமுறையில 12 லட்சம் வரை வருமானம் இருந்தா தள்ளுபடி போக வரி பூஜ்யம். வேற பெரிய வருமானம் இல்லைன்னா ரிட்டர்ன் போட்டா முழுசா திரும்ப வரும். போடலைன்னா அரசாங்கத்துக்கு நன்கொடை! படிவம் 26ஏஎஸ்-ல அந்தத் தொகை ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க. சில லீக் நிர்வாகங்கள் பிடிச்சதைக் கட்டாம இழுத்தடிப்பாங்க.

ஒரு பொறி இருக்கு. டாக்டர், வக்கீல், என்னை மாதிரி ஆடிட்டர்களுக்கு 44ஏடிஏ-ன்னு ஒரு எளிய முறை உண்டு. வரவுல பாதியை லாபமா காட்டினா போதும். விளையாட்டு வீரர் 194ஜே அறிவிப்புல இருக்கார், ஆனா 44ஏடிஏ பட்டியல்ல இல்ல. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு ஐடிஆர்-4 போடறவங்க உண்டு. பொதுவா ஐடிஆர்-3 தான். அதனால ஷூ பில், பிசியோ பில், பஸ் டிக்கெட் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. ஸ்பான்சர் காசுக்குப் பதிலா ஷூ, போன்னு பொருளா கொடுத்தாலும் வருஷத்துக்கு 20,000 தாண்டினா 194ஆர்-ல டிடிஎஸ் வரும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்துல இந்தப் பிரிவு எண்கள் எல்லாம் மாறுது. எண்ணை மனப்பாடம் பண்ண வேண்டாம்.

ஜிஎஸ்டி பத்தி ஒரு வரி. அங்கீகாரம் பெற்ற விளையாட்டு அமைப்புக்காக, அந்த மாதிரி அமைப்பு நடத்துற போட்டியில ஆடினா விலக்கு. தனியார் அணி உரிமையாளருக்காக ஆடினா அந்த விலக்கு கிடைக்காது. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா பதிவு பண்ணணும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள, இங்கே வசிக்காத வீரருக்கு இதெல்லாம் இல்ல. மொத்த வரவுல 20 சதவீதம், மேல செஸ், செலவு எதுவும் கழிக்க முடியாது. வெளிநாட்டுல இருந்து வந்து 3பிஎல்-ல ஆடின இந்திய வம்சாவளி வீரர்கள் மாதிரி வர்றவங்க கவனிக்க வேண்டியது அது.

பேங்க் வேலையா, லீக்கா?

தமிழ்நாட்டு பாஸ்கெட்பால்ல காலங்காலமா இருக்கிற வழி வேற. இந்தியன் பேங்க், ஐஓபி, தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், வருமான வரித்துறைன்னு வேலை கொடுத்து ஆட வைக்கிற அணிகள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை கிடைச்சா அது 35 வருஷச் சம்பளம், முழங்கால் போன பிறகும் வர்ற சம்பளம். லீக் ஒப்பந்தம் முழங்கால் இருக்கிற வரைக்கும்தான். ரெண்டுல ஒண்ணுதான்னா, 22 வயசுப் பையனுக்கு நான் வேலையைத்தான் சொல்லுவேன். கோபப்படறவங்க படலாம்.

ரெண்டும் சேர்த்துச் செய்யலாமா? மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள்ல, அமெச்சூரா விளையாட முன் அனுமதி தேவையில்லைன்னு இருக்கு. காசு வாங்கி ஆடறது அமெச்சூர் இல்லையே. அதனால ஒப்பந்தத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி துறையோட எழுத்துபூர்வ அனுமதி வாங்கணும். பேங்க், பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தனி விதி இருக்கும், அதைக் கேளுங்க. சூப்பர்வைசர் "போயிட்டு வாப்பா"ன்னு வாயால சொன்னது கணக்குல வராது.

கடைசியா இன்ஷூரன்ஸ். ஸ்டூவர்ட் காயம் பட்டதைச் சொன்னேன் இல்லையா, நம்ம பையனுக்கு அது நடந்தா? மருத்துவக் காப்பீடு ஆபரேஷன் செலவைத்தான் பார்க்கும். ஆட முடியாத மாசங்களுக்கு வருமானம் தர்றது தனிநபர் விபத்துக் காப்பீட்டுல இருக்கிற தற்காலிக ஊனப் பலன். ஆனா பல விபத்து பாலிசிகள்ல, காசுக்காகத் தொழில்முறையா விளையாடும்போது பட்ட அடிக்குப் பணம் இல்லைன்னு விலக்குப் பகுதியில சின்ன எழுத்துல இருக்கும். ஏஜென்ட்கிட்ட "என் பையன் லீக்ல காசுக்கு ஆடறான், அதுக்கு கவர் உண்டா?"ன்னு மெயில்ல கேளுங்க, பதிலையும் மெயில்லயே வாங்குங்க. லீக் ஒப்பந்தத்துலயும் பாருங்க: சீசன் நடுவுல காயம்னா மீதிச் சம்பளம் வருமா, ஆபரேஷன் செலவு யாரோடது, எத்தனை நாள்ல பணம் போடுவாங்க. இந்த மூணுக்கும் எழுத்துல பதில் இல்லாத ஒப்பந்தத்துல, தொகை எவ்வளவு பெருசா இருந்தாலும், நிரப்பித் தரச் சொல்லிட்டு அப்புறம் பேனாவை எடுங்க.