உலகச் செய்தி என்றாலே நழுவும் பிள்ளைகளா?

பரீட்சைக்குத் தலைநகரங்களை மனப்பாடம் செய்த பிள்ளை, செய்தியில் அதே நாடு வந்தால் சேனலை மாற்றுகிறதா? இப்படிச் செய்து பாருங்கள்.

1. சமையலறையில் தொடங்குங்கள். பாமாயில் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "இது எங்கேயிருந்து வருது?" என்று கேளுங்கள். 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியதைச் சொல்லுங்கள். உக்ரைன் போரால் அதே ஆண்டு சூரியகாந்தி எண்ணெய் வரத்தும் தடைப்பட்டது. வீட்டுச் செலவைத் தொடும் செய்தி மறக்காது.

2. சாப்பிடும் இடத்தில் உலக வரைபடம் மாட்டி, செய்தியில் வரும் ஊரை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இடம் தெரிந்தால்தான் விஷயம் மனதில் நிற்கும். முடிந்தால் உலக உருண்டையும் வாங்குங்கள். தட்டை வரைபடங்கள் பலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது!

3. ஒரே நிகழ்வை நாளிதழிலும் பிபிசி தமிழிலும் படிக்க வையுங்கள். ஒருவர் சொன்னதில் மற்றவர் எதை விட்டார் என்பது பிடிபடும்.

4. வாட்ஸ்அப்பில் வரும் போர்க் காட்சியை உடனே பகிர விடாதீர்கள். பழைய வீடியோக்களும் வீடியோ கேம் காட்சிகளும் அப்படி உலவுகின்றன.

5. விடுமுறையில் அத்தை, சித்தி பிள்ளைகள் கூடினால் ஐ.நா. பாதுகாப்பு அவை நடத்துங்கள். ஐந்து பேர் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ். இவர்களில் ஒருவர் எதிர்த்து வாக்களித்தாலே தீர்மானம் விழும். வீட்டோ என்பது என்ன என்று அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.