பவளத் தொட்டிக்குள் அலை

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் பலர் விளக்குக்குக் காட்டும் அக்கறையை நீரோட்டத்துக்குக் காட்டுவதில்லை. பவளம் இருந்த இடத்தைவிட்டு நகராது. உணவும் ஆக்சிஜனும் அதைத் தேடி வரவேண்டும். கழிவு அதன் மேலிருந்து அடித்துச் செல்லப்பட வேண்டும். இரண்டும் ஓட்டத்தின் வேலை.

ஒரே பம்ப் ஒரே திசையில் பீய்ச்சினால் அது அலையல்ல, குழாய்நீர்ப் பீய்ச்சல். நேராகப் பட்டால் பவளத்தின் சதையே கிழிந்துவிடும். இரண்டு சிறிய வேவ்மேக்கர்களை (அலை உண்டாக்கும் பம்புகளை) எதிரெதிர்க் கண்ணாடிகளில் பொருத்தி, கன்ட்ரோலர் மூலம் சில நேரம் மாறி மாறியும் சில நேரம் சேர்ந்தும் ஓடவிடுங்கள். ஓட்டங்கள் மோதும்போதுதான் கடலில் உள்ளதுபோல் ஒழுங்கற்ற சுழற்சி கிடைக்கும்.

எவ்வளவு வேகம்? மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 10 முதல் 20 மடங்கு போதும். அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்கள் 40 மடங்கு, அதற்கு மேலும் கேட்கும். 200 லிட்டர் தொட்டிக்கு 20 மடங்கு என்றால் மணிக்கு 4,000 லிட்டர். ஆனால் எண்ணைவிடக் கண்ணை நம்புங்கள். பாலிப்கள் இங்குமங்கும் அசைந்தால் சரி. ஒரே பக்கம் சாய்ந்தே நின்றால் வேகம் அதிகம். பாறைக்குப் பின்னால் கசடு சேர்கிறதா? ஓட்டம் அங்கே எட்டவில்லை, பம்பின் கோணத்தை மாற்றுங்கள்.

ஒரு பம்பைச் சற்று மேல்நோக்கித் திருப்பி வைத்தால் நீரின் மேற்பரப்பு கலங்கி ஆக்சிஜன் நன்றாகக் கரையும். சுண்ணப் படிவம் பிடித்த பம்பை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கரண்ட் போனால் ஓட்டமும் நின்றுவிடும்; அடிக்கடி அப்படிப் போகும் வீடென்றால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை முதலில் வாங்கிவிடுங்கள்.